பின்சீட்டில் ஒரு கீறலும் இல்லை

"தங்கராஜு. வயசு இருபத்து நாலு. கல்லுமலைத் தோட்டம், கீழ் லயம், கம்பி வேலிக்கு உள்ளே."

கேட்டில் நிற்கும் காவலரிடம் தினமும் ஒப்பிக்கிற பாடம் இது. அன்றைக்கு லுக்குட் ஊர்ப் பட்டறையிலிருந்து தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கறுப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பொழுது சாய்ந்துவிட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே மிச்சமிருந்த வெளிச்சம் கலங்கிய தண்ணீர் மாதிரி இருந்தது. பக்கவாட்டு இரும்புத் தகட்டில் வெட்டியிருந்த விரலளவுத் துளையில் வாயை வைத்துத்தான் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. காவலர் இட்ரிஸ் தமிழ் பேசப் பழகிய மலாய்க்காரர். டார்ச் விளக்கை முன்சீட்டில் ஒரு தடவை அடித்தார். பிறகு பின்பக்கத் துளையில் அடித்தார். அங்கே வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்றது.

"பின்னாலே இருக்கிற ஆள் பேர் சொல்லலியே, தம்பி."

"அது பொம்மைலா, அண்ணே. துரையோட டெஸ்ட்டுப் பொம்மை. வெறும் கோணிச் சாக்கு."

"பொம்மையா?" இட்ரிஸ் விளக்கை அணைக்கவில்லை. "லைட்டு அடிச்சதும் தலையைத் திருப்புச்சு."

"ரோடு குண்டும் குழியும். ஆடத்தான் செய்யும்."

"வண்டி நிக்குதே."

தங்கராஜு கியரைப் போட்டான். கேட் திறந்தது. காரை உள்ளே விட்டான்.

மலாயாவில் எமர்ஜென்சி வந்ததிலிருந்து தோட்டத்து ரோடுகளில் துரைமார்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காட்டு ஆட்கள், அதாவது காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்டுகள், வளைவில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் புதருக்குள் காத்திருப்பார்கள். அதனால்தான் இந்தக் காருக்கு இந்தக் கோலம். கப்பலில் வந்து இறங்கியபோது, வாதுமை மரப் பலகையும் சிவப்புத் தோல் இருக்கையுமாக, சிரம்பான் வரைக்கும் பேர் வாங்கிய வண்டி அது. இப்போது அதன் மேல் சுற்றிலும் தகடு. அதிலும் கனத்த தகடெல்லாம் பின்சீட்டைச் சுற்றித்தான். முன்னாலும் அதே கனத்தை ஏற்றினால் இஞ்சின் இழுக்காது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். ஆகவே டிரைவருக்கு ஒரு மெல்லிய தகரமும் ஒரு துளையும். யாரும் இதைப் பேசி முடிவு செய்யவில்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது, நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது தானாகவே ஆகிற மாதிரி.

உள்ளே உச்சி வெயிலிலும் இருட்டு. பற்றவைத்த இரும்பின் கருகல் வாடை, தோல் வாடை, இரண்டுக்கும் அடியில் பின்சீட்டிலிருந்து வருகிற ஒட்டுப்பால் நாற்றம். மரத்தில் உறைந்து போன ரப்பர்ப் பாலைத் திணித்துத்தான் லயத்துப் பெண்கள் அந்தப் பொம்மையைத் தைத்திருந்தார்கள். துரையின் எடைக்கு எடை. துரையின் பழைய காக்கிக் கோட்டு, துரையின் தொப்பி. முகம் கிடையாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர், அதில் ஒரு துளை. கண்ணாடியில் பார்த்தால் அந்தத் துளை வழியாகத் தொப்பியின் விளிம்பு மட்டும் தெரியும்.

டயரைச் சுட்டு வண்டி பள்ளத்தில் பாய்ந்தால் பின்சீட்டில் இருக்கிறவர் பிழைப்பாரா? துரைக்குத் தெரிய வேண்டியது அதுதான். போன மாதம் முதல் சோதனை. புகைக்கூடத்துச் சரிவில் காரை வேகமாக விட்டு, கீழே செம்மண் மேட்டில் மோத வேண்டும். பாதையில் வளைவு இருந்ததால் ஸ்டேரிங்கைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மாயாண்டி பிடித்தான். தங்கராஜுவின் அக்காள் செல்லம்மாவின் புருஷன். ஸ்டேரிங் கம்பி அவன் நெஞ்சுக்குள் போய்விட்டது. பொம்மையின் தொப்பிகூட நகரவில்லை. துரை பின்கதவைத்தான் முதலில் திறந்து பார்த்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

துரைசாணியும் பிள்ளைகளும் இங்கே வரக் கப்பலேறிவிட்டார்களாம். அவர்கள் வந்து சேர்வதற்குள் இன்னும் வேகமாக ஒரு தடவை மோதிப் பார்த்துவிட வேண்டும். முன்பக்கத்தை நிமிர்த்தி, பின்கதவுக்குப் புதுப் பூட்டும் வைத்தாயிற்று. அடித்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் திறக்கலாம். வெளியிலிருந்து திறக்க ஒரே ஒரு சாவி.

இப்போது டிரைவர் தங்கராஜு.

"மாட்டேன்னு சொல்லிடு." தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே செல்லம்மா சொன்னாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லிட்டு எங்கக்கா போறது? ஆபீஸ் கிராணி தெளிவா சொல்லிட்டாரு. இந்த வீடு டிரைவர் வீடு. டிரைவர் இல்லேன்னா வீடும் இல்லே. நீ, நான், லெட்சுமி மூணு பேரும் வேலிக்கு வெளியே. வெளியே யாரு இருக்கா? இருந்த குடிசையெல்லாம் பட்டாளத்தானுங்க கொளுத்திட்டாங்க."

செல்லம்மாவின் மகள் லெட்சுமி அவன் மடியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மாயாண்டி இன்னும் சிரம்பான் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"உன் மச்சான் போனது காவு குடுக்காமத்தான்," என்றாள் செல்லம்மா. "புது வண்டின்னா எலுமிச்சங்காயாவது நசுக்கணும். இது இரும்பு ஏத்துன வண்டி. உயிர்க்காவு கேக்கும். நம்ம சேவலக் கொண்டு போயி முனியாண்டி சாமிகிட்ட அறுத்துட்டு வந்துடு. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

முனி கோயில் அந்தச் சோதனைச் சரிவின் தலைமாட்டில், வேலிக்கு வெளியே இருந்தது.

விடிகாலையில் பால் வெட்டப் போகிறவர்கள் வாளியும் அதைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்புமாகக் கேட்டில் வரிசையில் நின்றார்கள். உணவுப் பொருள் ஒரு மணி அரிசிகூட வெளியே போகக் கூடாது. காட்டு ஆட்களுக்குப் போய்ச் சேரும் என்று ஒவ்வொரு வாளியையும் கவிழ்த்துப் பார்ப்பார்கள். தங்கராஜு சேவலைச் சட்டைக்குள் வைத்து அமுக்கியிருந்தான். அது சட்டைப் பொத்தான் வழியாகத் தலையை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது.

பின்னால் நின்ற பஞ்சாலை, பக்கத்து வீட்டுக்காரி, வாய்க்குப் பூட்டு இல்லாதவள், "என்னாடா, புதுசா ஆள் சேத்துருக்கியா? எத்தனை மரம் வெட்டுமாம்?" என்றாள். வரிசை சிரித்தது.

இட்ரிஸ் சிரிக்கவில்லை. கையை நீட்டினார்.

"அண்ணே, இது சாமிக்கு."

"உயிரோட இருந்தாலும் மக்கான் மக்கான்தான், தம்பி. சாப்பாட்டுச் சாமான் வெளியே போகக் கூடாது."

"சாமிக்கின்னு சொல்றான்லா," என்றாள் பஞ்சாலை. "அவன் மச்சான் செத்தது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நானும் போய்ப் பார்த்தேன்." இட்ரிஸ் சேவலின் காலைப் பிடித்து வாங்கினார். "சாமிக்கும் காட்டு ஆளுக்கும் ஒரே காடு. யாரு சாப்பிட்டாங்கன்னு நான் எப்படிப் பாக்கறது?"

மத்தியானம் காவல் கொட்டகையிலிருந்து கறி வாசம் வந்தது.

அந்த நேரத்தில் தங்கராஜு கார்க் கொட்டகையில் இருந்தான். தோல் இருக்கையைத் துடைத்து வைக்கச் சொல்லி, கிராணி இராஜமாணிக்கம் பின்கதவைத் திறந்து, பூட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு கட்டையைச் செருகிவிட்டுப் போயிருந்தார். தங்கராஜு ஈரத்துணியோடு பொம்மையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தகரக் கூரை வெயிலில் பட்டுப் பட்டென்று வெடித்தது. பொம்மைக்குள் ஒட்டுப்பால் சூட்டில் இளகி, அதன் உடம்பில் லேசான வெதுவெதுப்பு.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

அவன் பிறந்த பக்கத்தில், காய்ச்சல் இறங்காதவனுக்குக் கழிப்புக் கழிப்பார்கள். மாவில் ஒரு பொம்மை பிடித்து, சீக்காளியின் முடியையும் நகத்தையும் அதில் பதித்து, அவன் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டு, முச்சந்தியில் போட்டு உடைப்பார்கள். அவனுக்கு வந்தது பொம்மையோடு போய்விடும். கப்பலேறுவதற்கு முன் அவனே ஒரு தடவை அப்படிப் பிழைத்தவன். மாவு எதற்கு? இதோ ஆள் உயரத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே.

கோட்டைத் திறந்து, நெஞ்சுத் தையலில் இரண்டு முடிச்சை அறுத்தான். உச்சி முடியைக் கொத்தாகப் பிடுங்கி உள்ளே தள்ளினான். நகத்தைக் கடித்துத் துப்பி அதையும் தள்ளினான். தன் பனியனில் ஒரு துண்டைக் கிழித்து அடைத்தான். விரல் ஒட்டுப்பாலில் புதைந்தது. இழுத்தபோது அது உடனே விடவில்லை. கண் இல்லாததைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. விளக்குப் புகைக் கரியைத் தொட்டுச் சாக்குத் துணியில் இரண்டு கண் எழுதினான்.

"தங்கராஜு," என்று கூப்பிட்டான்.

இரும்புக்குள் குரல் எதிரொலிக்கும் என்று நினைத்திருந்தான். எதிரொலிக்கவில்லை. எதுவோ அதை வாங்கி வைத்துக்கொண்டது.

"தங்கராஜு."

வெளியே கூரை வெடிப்பது நின்றுவிட்டிருந்தது.

"தங்கராஜு."

தோல் இருக்கை நெறுநெறுத்தது, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தவர் இடுப்பை நகர்த்தி உட்காருகிற மாதிரி. அவன் அறுத்த தையலை மறுபடி முடிந்துவிட்டு வெளியே வந்து, பொம்மையை உடைப்பதைப் பற்றி யோசித்தான். உடைக்கத்தான் வேண்டும். ஆனால் நாளைக்குத் துரைக்குப் பொம்மை வேண்டுமே. இப்போது உடைத்தால் வேலை போகும், வீடு போகும். சோதனை முடியட்டும். முடிந்ததும் வாங்கிக்கொண்டு போய் முச்சந்தியில் போட்டுக் கொளுத்திவிடலாம். அப்படி நினைத்தபோது நெஞ்சு லேசானது. ரொம்ப லேசாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனிடம் லெட்சுமி ஓடிவந்தாள். பாதி வழியில் நின்றாள்.

"மாமா மேல ஒட்டுப்பால் நாத்தம்."

"குளிச்சிட்டேன்டா செல்லம்."

அவள் வரவில்லை. அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அவனைப் பார்த்தாள். சோற்றில் ருசி இல்லை. சுடுகஞ்சி விரலில் பட்டதும் சுடவில்லை, சுட வேண்டும் என்பது ஞாபகம் வந்துதான் கையை இழுத்தான். செல்லம்மா இரண்டாம் தடவை கஞ்சி ஊற்ற வந்து, "தங்கராஜு, ஏய் தங்கராஜு," என்று கூப்பிட்டாள். அவனுக்கு அது வேறு யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. லயத்துக் கோடியில், கார்க் கொட்டகைப் பக்கம், ஒரு சத்தம் கேட்டது. தகட்டில் உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு.

"என்னாடா அது?"

"எலியா இருக்கும்க்கா."

"எலிக்கு அவ்ளோ கை பலமா?" என்றாள் செல்லம்மா. அவள் வேடிக்கைக்குச் சொன்னாள்.

மறுநாள் காலை மழை விட்டு மஞ்சு இறங்கியிருந்தது. கிணற்றடியில் சவரம் செய்யும்போது கத்தி தாடையில் பட்டது. வலிக்கவில்லை. கண்ணாடித் துண்டில் பார்த்தான். வெட்டின வாயில் ஒரு துளி உருண்டு நின்றது. வெள்ளை. வெட்டின பட்டையில் பால் திரண்டு நிற்கிற மாதிரி வெள்ளை. துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். சிவப்பாகத்தான் இருந்தது. சோப்பு நுரை என்று சொல்லிக்கொண்டான். சோப்பு போட்ட பக்கம் அது இல்லை.

சரிவின் மேலே எல்லோரும் நின்றார்கள். துரை, கிராணி, லாரி ஓட்டுகிற சந்திரன், தள்ளிவிட நாலு பேர். முனி கோயில் முன்னால் கார் நின்றது. மஞ்சில் கீழே மண்மேடு தெரியவில்லை, பாதை வளைகிற இடம் வரைக்கும்தான் தெரிந்தது. துரை பொம்மையை அகலமான தோல் வார்களால் இருக்கையோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். தன் பாக்கெட் கடிகாரத்தைக் கழற்றி அதன் நெஞ்சுப் பையில் வைத்தார். அதிர்ச்சி எவ்வளவு என்று பார்க்கவாம். தொப்பியைச் சரி செய்தவர் முகத்தைப் பார்த்து நின்றார். சிரித்து, இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"பொம்மைக்குக் கண்ணு வச்சது யாருன்னு கேக்குறாரு," என்றார் கிராணி. "நல்லாருக்காம். உன் ஜாடையாம்."

யாரோ சிரித்தார்கள். கதவு அடித்துச் சாத்தப்பட்டது. பூட்டு விழுந்த சத்தம் தங்கராஜுவின் காதுக்கு வெளியிலிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து கேட்ட மாதிரி இருந்தது.

"ஐயா, முன்னாலயும் ஒரு வாரு கட்டலாங்களா?" என்று கேட்டான்.

"இருந்ததே ரெண்டுதாம்பா. பின்னால போட்டாச்சு," என்றார் கிராணி. "நீ பயப்படாதே. ஸ்டேரிங்கைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

தள்ளினார்கள்.

முதலில் மெதுவாக. சரளைக்கல் ஒவ்வொன்றாகச் சக்கரத்தில் நொறுங்கியது. பிறகு கனம் தானே இழுத்துக்கொண்டது. இரும்பு முழுக்க ஒரு குரலாக உறுமியது, துளை வழியாக ஈரக்காற்று முகத்தில் குத்தியது, மரங்கள் மஞ்சுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து வந்து போயின. கையில் ஸ்டேரிங் இருந்தது. பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. பிடிக்கிற உணர்வு இல்லை. ஆனால் நெஞ்சின் குறுக்கே எதுவோ இறுக்கியது. வயிற்றின் குறுக்கே. அகலமாக. தோல் வார் மாதிரி.

கண்ணாடியைப் பார்த்தான்.

தொப்பி விளிம்பு. அதன் கீழே, நேற்று துளைக்கு எட்டாமல் தாழ்ந்திருந்த இரண்டு கண்.

அவை பயந்திருந்தன.

கழிப்புப் பொம்மை உடைய வேண்டும். முதலில் அது உடைய வேண்டும். பேர் வாங்கின பிறகு அது உடையாமல் இருந்தால்.

வளைவு. திருப்பினான். பின்னால் இரும்பு. கனத்த இரும்பு. குண்டு துளைக்காத இரும்புக்குள் கட்டி வைத்து, பூட்டி.

பிரேக். கால் போகவில்லை. கால் எங்கே?

மண்மேடு.

"தங்கராஜு," என்று பின்னாலிருந்து யாரோ அவன் குரலில் கூப்பிட்டார்கள்.

சிவப்பு.

பிறகு கடிகாரச் சத்தம். டிக், டிக் என்று நெஞ்சுக்கு மேலேயே கேட்டது. இருதயம் அடிக்க வேண்டிய இடத்தில் அது மட்டும்தான் அடித்தது. இருட்டு. தோல் வாடை. ஒட்டுப்பால் நாற்றம் இல்லை, ஏனென்றால் நாற்றம் தெரிவதற்கு மூக்கு இல்லை, அந்த நாற்றமாகவே அவன் இருந்தான். வலி கொஞ்சமும் இல்லை. பிழைத்துவிட்டோம் என்று நினைத்தான். மூச்சு விட நினைத்தான். அது நினைப்பாகவே நின்றது. கையைத் தூக்கச் சொன்னான். தூக்கவில்லை.

எதிரே துளை. துளைக்கு அந்தப் பக்கம் முன்சீட்டு. அங்கே ஒருவன் ஸ்டேரிங்மேல் கவிழ்ந்து கிடந்தான். முதுகில் சட்டை கிழிந்திருந்தது. அடியில் இருந்த பனியனில், நேற்று மத்தியானம் கிழித்த இடத்தில் ஓட்டை.

ஓடிவரும் காலடிகள். சாவி திரும்பியது. வெளிச்சம். துரையின் முகம் மிக அருகில் வந்தது. அவர் கை நெஞ்சுப் பைக்குள் நுழைந்து, கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்தது. அடித்துக்கொண்டிருந்தது அவனை விட்டுப் போயிற்று. துரை சிரித்தார். கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், நல்ல குதிரையைத் தட்டுகிற மாதிரி.

"பின்சீட்டில் ஒரு கீறலும் இல்லை," என்று கிராணி பின்னால் யாருக்கோ மொழிபெயர்த்துச் சொன்னார்.

துரையின் தோளுக்கு அப்பால் செல்லம்மா வந்துகொண்டிருந்தாள். சேலை சேற்றில் இழுபட, வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு. முன்கதவுப் பக்கம் போய், இரும்பில் தலையை முட்டி முட்டி, "தங்கராஜு, தங்கராஜு" என்று கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவை அவள் கூப்பிடும்போதும் பின்சீட்டில் அவனுக்குள் ஒட்டுப்பால் இறுகியது. அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் திரும்ப வேண்டும்? பொம்மைதானே.

"சந்திரா," கிராணியின் குரல் தணிந்து கேட்டது. "உனக்கு லைசென்ஸ் இருக்குல்ல? அழுவாதேப்பா. இது முடியட்டும், அப்புறம் பேசலாம். மாயாண்டி வீடு காலியாத்தான் ஆகப்போவுது."

கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது. இருட்டில் இரண்டு கண்கள் மூட இமையில்லாமல் திறந்திருந்தன.

இதை வாசிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். லுக்குட் பக்கமோ பெடாஸ் பக்கமோ, ஏதாவது பட்டறைப் பின்புறத்தில், புல் மண்டிய இடத்தில், தகடு அடித்த பழைய கறுப்புக் கார் கிடந்தால் பின்கதவை நெம்பித் திறங்கள். உள்ளே கட்டியிருப்பதை அவிழ்த்து, முச்சந்திக்கு இழுத்துக்கொண்டு போய் உடைத்துப் போடுங்கள். அது உங்களைப் பார்த்தாலும் நிறுத்தாதீர்கள்.